மனநல ஆலோசனை: மதுரைக்குப் போவதா, வீட்டிலிருந்தே பேசுவதா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதிப் பக்கம் ஒருவருக்கு மனச்சோர்வோ பதற்றமோ வந்து, முறையாக யாரிடமாவது பேசிச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றினால் மூன்று வழி இருக்கிறது. மதுரைக்கோ திருச்சிக்கோ போய் நேரில் பார்ப்பது, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுவது, வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் பேசுவது. பேச்சு வழிச் சிகிச்சைக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கு அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான ஆளிடம் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே மனநலம் படித்தவர். மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கு மட்டும்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மனநலக் கவுன்சிலர் என்று பலகை மாட்டுகிற எல்லோரிடமும் இந்தப் பதிவு இருக்காது. எண்ணைச் சொல்லத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

அரசு மருத்துவமனை இலவசம். சிவகங்கையில் 2012 முதலும் புதுக்கோட்டையில் 2017 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்துக்கு அதைவிட நல்ல வழி இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் கூட்டத்துக்கு நடுவே ஒரு நோயாளியிடம் வாராவாரம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேச அங்கே யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

மதுரை விஷயம் வேறு. நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், நேரம் கொடுத்துப் பேசுகிறார்கள். காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர், பஸ்ஸில் போக வர நாலு மணி நேரத்துக்கு மேல். ஐம்பது நிமிடப் பேச்சுக்கு ஒரு முழு நாள் போய்விடும். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற, சி.பி.டி. எனப்படும் பேச்சு வழிச் சிகிச்சைக்கு வாரம் ஒன்றாகப் பொதுவாக 12 முதல் 20 அமர்வு வேண்டும். முதல் மூன்று வாரம் ஒழுங்காகப் போவார்கள். நாலாவது வாரம் ஒரு கல்யாணம், ஐந்தாவது வாரம் முன்னோருக்கு ஒரு படைப்பு, அதோடு நின்றுவிடும். முதல் இரண்டு மூன்று அமர்வு பெரும்பாலும் விவரம் கேட்பதிலேயே கழியும். பயந்து ஒதுக்குகிற காரியங்களைப் படிப்படியாகச் செய்து பார்க்கிற வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பேசிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். ஆன்லைனில் ஓர் அமர்வுக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கினால் போதும். கல்யாணத்துக்குப் போன ஊரிலிருந்தும் பேசலாம், வேலை கிடைத்துச் சென்னைக்கு மாறினாலும் அதே ஆளிடம் தொடரலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. பூட்டினேனா இல்லையா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற நோய்க்கு எங்கள் செட்டிநாட்டு வீடுகளைவிடக் கஷ்டமான இடம் கிடையாது. முகப்பில் ஒரு கதவு, வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி அறைக்கு ஒரு கதவு, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் இன்னும் சில, கொல்லைப்புறத்தில் ஒன்று. கிளினிக்கில் உட்கார்ந்தால் அந்தக் கதவைக் கற்பனைதான் செய்ய முடியும். வீடியோவில் போனை அந்தக் கதவை நோக்கிச் சாய்த்து வைக்கலாம். ஒரே தடவை பூட்டுவது, இழுத்துப் பார்க்காமல் வளவுக்கு வந்து உட்காருவது, பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வது. எண்பதில் ஆரம்பித்தது, எழுந்து போகாமல் இருந்தால் பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணியில் தானாகவே இறங்கும். பிரச்சினை இருக்கிற இடத்திலேயே மருத்துவம் நடக்கிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வீடியோ வழி சி.பி.டி. நேரில் செய்வதற்கு ஏறக்குறைய ஈடாகவே பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தூரத்து மருத்துவம் நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2010-லேயே புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குள் ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே நோயாளி உட்காருவார், சென்னையிலிருந்து மருத்துவர் வீடியோவில் பார்ப்பார், பஸ்ஸிலேயே மருந்து கொடுப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆன்லைன் ஒத்துவருமா வராதா என்பதை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது: பேச இடம் இருக்கிறதா? நாற்பது ஐம்பது பேர் தங்கக்கூடிய வீட்டில் ஒருவர் ரகசியமாக ஒரு மணி நேரம் பேச இடம் கிடைக்காது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் வீடுகளில் அறை எல்லாம் வளவைப் பார்த்துத்தான் திறக்கிறது. தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடி போல வழவழத்த சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை. சத்தத்தை வாங்கிக்கொள்ளத் துணியோ மெத்தையோ இல்லாததால் மெதுவாகப் பேசினாலும் வளவின் அந்தப் பக்கம் தாழ்வாரப் பத்தியில் உட்கார்ந்திருக்கிற அப்பத்தா காதில் விழும். ஹெட்போன் போட்டால் தெரபிஸ்ட் பேசுவதுதான் மறையும், நீங்கள் பேசுவது மறையாது. யாரோ கேட்கிறார்கள் என்ற நினைப்போடு பேசுகிறவர் மாமியார் பற்றியும் பேச மாட்டார், புருஷனைப் பற்றியும் பேச மாட்டார். பத்து அமர்வும் தூக்கம் வரவில்லை, பசி இல்லை என்பதிலேயே ஓடிப்போகும்.

மாடியில் அறை இருந்தால் அதுவே முதல் தேர்வு. கீழ் அறைதான் என்றால் கதவுக்கு உள்பக்கம் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள், கதவுக்கும் நிலைப்படிக்கும் இடையே உள்ள இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள், மெத்தையை விரித்து அதன்மேல் உட்காருங்கள். டேபிள் ஃபேனைக் கதவுக்கு வெளியே ஓட விடுங்கள். உள்ளே வைத்தால் அந்த இரைச்சலை மைக் எடுத்துக்கொள்ளும். நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். எல்லோரும் தூங்குகிறார்கள் என்று மதியம் இரண்டு மணியைக் கேட்டு வாங்குவார்கள். வீடு நிசப்தமாக இருக்கிற அந்த நேரத்தில்தான் குரல் அதிகம் கேட்கும். சாயங்காலம் சீரியல் ஓடுகிற நேரம் பத்திரமானது. கார் இருந்தால் காலை ஏழு மணிக்கு நிழலில் நிறுத்திப் பேசலாம், பத்து மணிக்கு மேல் வெயில் விடாது. யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு வாக்கியத்தை முதல் அமர்விலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அந்த வரவு செலவை அப்புறம் பார்க்கலாம்" என்றால் போதும். அதற்குப் பிறகு தெரபிஸ்ட் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்க வேண்டும், அல்லது இருவரும் தட்டச்சுக்கு மாற வேண்டும். பணம் கட்டும்போதும் கவனம் வேண்டும். கணவரின் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் குறுஞ்செய்தி நேராக அவருக்குத்தான் போகும்.

தடித்த சுவருக்குள் சிக்னலும் நிற்காது. வளவு ஓரம் வந்தால் டவர் கிடைக்கும், ஆனால் அங்கேதான் காதுகளும் இருக்கின்றன. வைஃபை இருந்தால் அறைக்குள் ஒரு ரிப்பீட்டர் போடுங்கள். ஒரு மணி நேர வீடியோ, தரத்தைப் பொறுத்து அரை ஜி.பி. முதல் ஒன்றரை ஜி.பி. வரை தின்னும், அன்றைய டேட்டா அதோடு தீரலாம். படம் உறைந்தால் சாதாரண போன் அழைப்புக்கு மாறுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று அமர்வு வைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து மகன் பணம் கட்டி இங்கே தனியாக இருக்கிற ஆத்தாவுக்கு ஏற்பாடு செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் ஆத்தா என்ன பேசினார் என்று மகன் கேட்கக் கூடாது, தெரபிஸ்டும் சொல்லக் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. மறதி தொடங்கியிருந்தால் மட்டும் முதலில் நேரில் காட்டுங்கள். தைராய்டு, பி12 குறைவு இவற்றாலும் அப்படி வரும், அது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். பத்து வயதுக்குக் கீழ்க் குழந்தைகளுக்கு ஆன்லைனை உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். விளையாட்டு வழியாகச் செய்கிற வேலை திரைக்குள் அடங்காது.

குரல் கேட்பது, எல்லோர் மேலும் சந்தேகம், நாள்கணக்கில் தூங்காமல் அளவு மீறிய உற்சாகம் இவற்றுக்கு மருத்துவமனைதான். பல வருடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், அவரையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். வீட்டில் அடிக்கிறவர் அடுத்த அறையிலேயே இருந்தால் ஆன்லைன் ஆபத்து.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 முதல் இருக்கிறது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். உங்கள் தெரபிஸ்ட் வெளி மாநிலத்தில் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை தேவை. அவர் அங்கிருந்து 108 அடித்தால் அந்த மாநில ஆம்புலன்ஸ்தான் பேசும். அதனால் முதல் அமர்விலேயே உங்கள் முழு முகவரியையும், பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய ஒருவரின் எண்ணையும் கேட்டு வாங்காத தெரபிஸ்டிடம் தொடராதீர்கள்.

ஆரம்பிக்கும்போது, மனச்சோர்வின் அளவைக் காட்டும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளை நிரப்பி மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். பத்து அல்லது அதற்கு மேல் என்றால் நடுத்தர அளவு மனச்சோர்வு இருக்கலாம். ஆறு அமர்வு கழித்து மறுபடி நிரப்புங்கள். ஐந்து புள்ளியாவது குறையவில்லை என்றால் அதை தெரபிஸ்டிடமே காட்டி, முறையை மாற்றலாமா, மருந்தும் சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மருந்து வேண்டும் என்றால் சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ நேரில் காட்டி வாங்கிக்கொண்டு, வாராந்திரப் பேச்சை மாடி அறையிலேயே தொடரலாம்.