பப் லஞ்ச்: பழைய பிளவ்மேன்ஸ் தட்டா, காஸ்ட்ரோபப்பா, செயின் பப்பா?

போன மாசம் லெஸ்டர்ஷயர் பக்கம் ஒரு வேலையா போயிருந்தேன். 2002ல இங்கிலாந்து வந்த புதுசுல வெள்ளிக்கிழமை ஆனா ஆபீஸ் ஆளுங்களோட மத்தியானம் போயிட்டிருந்த கிராமத்து பப் ஒண்ணு அங்க இருக்கு, பீவர் பள்ளத்தாக்குல, ஸ்டில்டன் சீஸ் செய்யுற ஊருங்களுக்கு நடுவுல. ஆசையா போனேன். கட்டடம் அதேதான், தலை இடிக்காம குனிஞ்சு போகவேண்டிய உத்தரமும் அதேதான். உள்ள நுழைஞ்சதும் ஒரு பொண்ணு வந்து டேபிள் புக் பண்ணியிருக்கீங்களான்னு கேட்டுச்சு. செவ்வாக்கிழமை மத்தியானம், பாதி டேபிள் காலியா இருக்கு. சரி உக்காந்துட்டு பிளவ்மேன்ஸ் (உழவன் சாப்பாடுன்னு அர்த்தம், ரொட்டியும் சீஸும் ஊறவச்ச வெங்காயமும் வச்ச தட்டு) இருக்கான்னு கேட்டா, அது இல்ல, ரெண்டு பேர் பங்கு போட்டு சாப்பிடுற ஷேரிங் போர்டு இருக்குன்னு சொன்னாங்க. மனசுக்கு ரொம்ப சங்கடமா போச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா அதே நெனப்பு, அதனாலதான் பழைய பப் லஞ்ச், காஸ்ட்ரோபப் (ரெஸ்டாரண்ட் மாதிரி சமையலுக்கு முக்கியத்துவம் குடுக்குற பப்), செயின் பப் (ஒரே கம்பெனி ஊர் ஊரா நடத்துறது) மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து எழுதுறேன்.

பழசுலருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் காலத்துல அந்த பப்புல ஓனரம்மாதான் பார்ல நிப்பாங்க, அவங்க வீட்டுக்காரர் கீழ செல்லார்ல பீப்பா வேலை பாப்பாரு. செஃப்னு தனியா யாரும் கிடையாது. "என்ன வேணும் மீ டக்"ன்னு கேப்பாங்க, நம்ம ஊர்ல கண்ணு, ராசான்னு கூப்பிடுற மாதிரி அந்தப் பக்கம் தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாருக்கும் 'டக்'தான். பிளவ்மேன்ஸ்னு சொன்னா நம்ம கண்ணு முன்னாடியே பெரிய ஸ்டில்டன் வட்டத்துலருந்து ஒரு கட்டி வெட்டி வைப்பாங்க. வெள்ள பீங்கான் தட்டு, அதுல மேல்தோல் நல்லா மொறுமொறுன்னு இருக்குற ரொட்டி ரெண்டு தடிமனான துண்டு, உப்பு வெண்ணெய், ஸ்டில்டன், கூட ரெட் லெஸ்டர்னு ஆரஞ்சு கலர் சீஸ், மால்ட் வினிகர்ல ஊறின முழு சின்ன வெங்காயம் ரெண்டு, பிரான்ஸ்டன் பிக்கிள் ஒரு கரண்டி, பாதி ஆப்பிள், போர்க் பை (மாவுக்குள்ள பன்னிக்கறி வச்சு சுட்டது) கால்வாசி. அவ்வளவுதான், அடுப்பே பத்த வைக்க வேணாம்.

பிக்கிள்னதும் நம்ம ஊறுகாய நெனச்சுக்காதீங்க. 1922ல பர்ட்டன் பக்கத்துல பிரான்ஸ்டன்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சது அது, ஸ்வீடு, கேரட், வெங்காயம், காலிஃபிளவர் எல்லாம் பொடிப்பொடியா நறுக்கி கறுப்பா இனிப்பும் புளிப்புமா இருக்கும், காரமே இருக்காது (ஸ்வீடுங்கிறது இங்க ஒரு கிழங்கு, டர்னிப்புக்கு அண்ணன் மாதிரி). தனியா நக்கிப் பாத்தா எனக்குப் புடிக்கவே இல்ல. ஆனா ரொட்டி மேல வெண்ணெய், அது மேல நல்லா முத்தின சீஸ், அது மேல கொஞ்சம் இத வச்சு, நடுவுல அந்த வெங்காயத்த ஒரு கடி கடிச்சா வினிகர் சுர்ருன்னு மூக்குல ஏறும், உடனே ஒரு வாய் பிட்டர் (லேசா கசக்குற இங்கிலீஷ் பீர்), அப்பத்தான் இந்தத் தட்டு எதுக்குன்னே புரிஞ்சுது. பிட்டர் அங்க 12 டிகிரி வாக்குல செல்லார் குளிர்ச்சியில வரும், ஐஸ் மாதிரி இருக்காது, அதனாலதான் சீஸோட ருசி நாக்குல மரத்துப் போகாம நிக்குது.

அந்தத் தட்டுல எனக்கு இன்னொரு பெரிய விஷயம் இருக்கு. ஸ்டில்டன்னு பேர் போட்டு விக்கணும்னா லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர், டார்பிஷயர் இந்த மூணு கவுண்டியிலதான் செய்யணும், ஸ்டில்டன்ங்கிற ஊர்லயே செய்யக் கூடாது, ஏன்னா அந்த ஊர் இருக்குறது கேம்பிரிட்ஜ்ஷயர்ல. சீஸ் செஞ்சா மோர்த் தண்ணி மாதிரி 'வே'ன்னு ஒண்ணு மிஞ்சும், அத அந்தப் பக்கத்து விவசாயிங்க பன்னிக்கு ஊத்தினாங்க, அந்தப் பன்னிக்கறிதான் அந்தப் பக்கத்து மெல்ட்டன் மோப்ரே ஊரோட போர்க் பை ஆச்சு. அந்த பையோட சைடு லேசா வெளிய வளைஞ்சிருக்கும், அச்சு எதுவும் இல்லாம அப்படியே வேக விடுறதால, உள்ள கறி ரோஸ் கலர்ல இல்லாம சாம்பலா இருக்கும், உப்புக்கண்டம் போடாத பச்சக் கறிங்கிறதால. சீஸ், பை ரெண்டும் அதே மண்ணுலருந்து அதே தட்டுக்கு வந்து சேருது. சமையல்காரர் இல்லாமலே ஊரோட ருசி தட்டுல வந்துருது, இத விட ஒரு பப் சாப்பாடுகிட்ட வேற என்ன கேக்கணும்?

உடனே சில பேர் சொல்வாங்க, பிளவ்மேன்ஸ் லஞ்ச்சே விளம்பரக்காரங்க கெளப்பி விட்டதுதானேன்னு. பேர் விஷயத்துல அது பெரும்பாலும் உண்மைதான். போர்க்காலத்துல அரசாங்கம் பாலையெல்லாம் ஒரே தினுசு கெட்டி சீஸுக்குத் திருப்பி விட்டதுல ஊர் ஊரா இருந்த சீஸ் வகைங்க அடி வாங்குச்சு, 1954ல ரேஷன் முடிஞ்சப்புறம் ஜனங்கள மறுபடி சீஸ் பக்கம் இழுக்க சீஸ் பீரோன்னு ஒரு அமைப்பு பப்புங்கள்ல இத முன்னுக்குக் கொண்டு வந்துச்சு, 60கள்ல மில்க் மார்க்கெட்டிங் போர்டு இன்னும் பெருசாக்குச்சு. ஆனா ரொட்டி, சீஸ், பீர் மூணையும் சேத்து சாப்பிடுறது அதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே அந்த ஊருங்கள்ல இருந்தது. பேர் புதுசுங்கிறதுக்காக சாப்பாட்டையே பொய்னு சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

(சைவக்காரங்களுக்கு ஒண்ணு: போர்க் பை வேணாம்னு சொன்னா சீஸ் கூடுதலா வச்சுத் தருவாங்க. ஆனா சில சீஸ்ல பாலைத் திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்குற ரென்னெட் சேப்பாங்க, வெஜிடேரியன் ரென்னெட் போட்டதும் நிறைய இருக்கு, ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.)

பழைய பப்புல இத விட எளிமையானது காப். மத்த ஊர்ல ரோல், பாப்னு சொல்ற உருண்டை ரொட்டிக்கு அங்க காப்னு பேரு. காலையிலயே சீஸும் பச்ச வெங்காயமும் வச்சு, பார் மேல கண்ணாடி மூடிக்கு அடியில அடுக்கி வச்சிருப்பாங்க. சூடான சாப்பாடுன்னா ஹாம் எக் சிப்ஸ் (பன்னித் தொடைக்கறி, முட்டை, தடிமனா வெட்டிப் பொரிச்ச உருளைக்கிழங்கு), ஸ்டேக் அண்ட் கிட்னி பை (மாட்டுக்கறி பை), அவ்வளவுதான், அதுவும் ரெண்டு மணிக்கு மேல கேட்டா கிடைக்காது. முதல் உலகப் போர் காலத்துல கொண்டு வந்த சட்டத்தால மத்தியானம் பப்ப மூடி வைக்கணும்னு இருந்தது, 1988லதான் அத எடுத்தாங்க. சட்டம் போயும் அந்த அம்மாவுக்குப் பழக்கம் போகல, ரெண்டு அடிச்சதும் கிச்சன் லைட்ட அணைச்சிருவாங்க.

இந்த ஹாம் எக் சிப்ஸ மூணு எடத்துலயும் சாப்பிட்டிருக்கேன், அதனால அத வச்சே ஒப்பிடுறேன்.

பழைய பப்புல ஹாம் எலும்போட வேக வச்சு ஆற வச்சது, ஓரத்துல கொழுப்பு விரக்கடை அளவுக்கு இருக்கும், கையால வெட்டுறதால ஒரு பக்கம் தடிமன் ஒரு பக்கம் மெலிசு. முட்டை ரெண்டு, அடி மட்டும் லேசா முறுகி. அத உடைச்சு மஞ்சக்கருவுல சிப்ஸ தொட்டு, ஹாமுக்கு இங்கிலீஷ் கடுகு கொஞ்சம் தடவி சாப்பிடணும், கடுகு நம்ம பச்ச மிளகா மாதிரி உச்சந்தலைக்கு ஏறும். 2002ல அஞ்சு பவுண்டு நோட்டு கொடுத்தா சில்லறை மிச்சம் வரும்.

போன மாசம் அதே கட்டடத்துல, காஸ்ட்ரோபப் ஆனப்புறம், அதே சாப்பாடு 17 பவுண்டு. முட்டை வாத்து முட்டை, ஹாம் தேன் பூசி சுட்டது, சிப்ஸ் மூணு தடவை வேக வச்சுப் பொரிச்சது, அத செங்கல் மாதிரி அடுக்கி மரப்பலகையில கொண்டு வந்தாங்க. ருசி நல்லா இருந்துச்சு, அத மறைக்க மாட்டேன், சிப்ஸ் மட்டும் எடுத்தா பழசவிட இதுதான் மேல். ஆனா பலகையில விளிம்பு இல்ல, மஞ்சக்கரு ஓடிப் போய் டேபிள்ல கொட்டுது. 40 நிமிஷம் ஆச்சு தட்டு வர, ஆபீஸ் லஞ்ச் டைம் அதுலயே முடிஞ்சு போயிருக்கும். எல்லாத்தையும் விட, பார்ல யாருமே நிக்கல. முன்னாடி அங்க நின்னுக்கிட்டே ஒரு விவசாயி, போஸ்ட்மேன், நான்னு மூணு பேரும் மழையப் பத்திப் பேசுவோம், இப்ப அந்த எடத்துல வைன் கிளாஸ் அடுக்கி வச்சிருக்காங்க.

காஸ்ட்ரோபப்ப மொத்தமா குத்தம் சொல்ல முடியாது. 1967ல குடிச்சிருக்காங்களான்னு ஊதச் சொல்லிப் பாக்குற ப்ரெத்தலைசர் வந்தப்புறமே கார்ல வந்து குடிக்கிறவங்களுக்கு பயம் வந்தாச்சு. 1989ல வந்த பீர் ஆர்டர்ஸ்ங்கிற அரசாங்க உத்தரவு, பீர் காய்ச்சுற பெரிய ப்ரூவரிங்க கையில வச்சிருக்கிற பப் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு, ஆயிரக்கணக்கான பப் கை மாறுச்சு, புதுசா ஆளுங்க பப் எடுத்து நடத்த வழி கெடச்சுது. 1991ல டேவிட் அயர், மைக் பெல்பென்னு ரெண்டு பேரு லண்டன் ஃபாரிங்டன் ரோட்ல தி ஈகிள் பப்ப எடுத்து பாருக்குப் பக்கத்துலயே சமைக்க ஆரம்பிச்சாங்க, காஸ்ட்ரோபப்னா ஆரம்பம் அதுதான். அங்க கரும்பலகையில மெனு, ஜோடி சேராத நாற்காலி, பார்ல போய் ஆர்டர் பண்ணணும். அதுவும் ஒரு எளிமைதான். பின்னாடி வந்தவங்க அந்த எளிமைய விட்டுட்டு ரெஸ்டாரண்ட் பழக்கத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்கங்கிறதுதான் என் ஆதங்கம். 2007ல புகை பிடிக்கத் தடை வந்தப்புறம் சாப்பாடு இல்லாம பப் நடத்துறது இன்னும் கஷ்டமாச்சு, அதுவும் தெரியும்.

செயின் பப் பத்தி அதிகம் சொல்ல இல்ல. 1979ல டிம் மார்ட்டின் ஆரம்பிச்ச வெதர்ஸ்பூன் பழைய சினிமா தியேட்டர், பேங்க் கட்டடத்தையெல்லாம் எடுத்து பப்பாக்கி வச்சிருக்கிறது எனக்குப் புடிக்கும், தனியா இருக்குற பெரியவங்க கொஞ்ச காசுல சூடா சாப்பிட்டு பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் ஹாம் எக் சிப்ஸ் சாப்பிட்டது வேற ஒரு செயின்ல, ஹாம் வட்டமா ஈரமா ஒரே அளவு, கொழுப்பே இல்ல. பத்து நிமிஷத்துல வந்துச்சு, விலை கம்மி, வயிறு நெறைஞ்சுது. எந்த ஊர்ல சாப்பிட்டேன்னு கேட்டா யோசிச்சுத்தான் சொல்லணும்.

ஞாயித்துக்கிழமை ரோஸ்ட்ட மட்டும் இந்தக் கணக்குல சேக்கல, அதுக்கு அடுப்பும் ஆளும் கண்டிப்பா வேணும், அங்க நல்ல காஸ்ட்ரோபப்தான் ஜெயிக்கும். வீட்டாள கூட்டிட்டு கல்யாண நாளுக்குப் போறதுக்கும் அதேதான். ஆனா சாதாரண ஒரு வார நாள் மத்தியானம், ஒரு மணி நேரம், ஒரு அரை பைண்ட், முன்னாடி சொல்லாம கொள்ளாம போய் உக்காரணும்னா எனக்கு அந்த வெள்ளத் தட்டுதான்.

அன்னிக்கு அங்கிருந்து கெளம்பி மெல்ட்டன் மோப்ரே வழியா வந்தேன். மார்க்கெட் நாள், தெருவெல்லாம் கூட்டம். ஒரு சந்துல சின்னதா ஒரு பப், வெளிய போர்டுல சாப்பாட்டப் பத்தி ஒண்ணுமே எழுதல, சும்மா எட்டிப் பாத்தேன். பார் மேல கண்ணாடி மூடி, அடியில சீஸ் ஆனியன் காப் நாலு இருந்துச்சு. வயிறு ஃபுல்லு, இருந்தாலும் ரெண்டு வாங்கினேன். காசு வாங்கின பெரியவர் பேப்பர்ல சுத்திக் குடுத்துட்டு, "பிக்கிள் வேணுமா டக்"ன்னு கேட்டாரு.