மொயிங்காவுக்கு எத்தனை கலோரி?

இலவசமாகக் கிடைக்கும் உணவு நாட்குறிப்புச் செயலி ஒன்றைச் சில மாதங்களாக வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம், குறை நிறையச் சொல்லப்போகிறேன். யாங்கூனில் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். சர்க்கரை கூடிவிட்டது, சாப்பிடுவதையெல்லாம் குறித்து வையுங்கள் என்று டாக்டர் சொன்னதும், இது நமக்குச் சரிப்படும் என்றுதான் இறங்கினேன்.

சரிப்பட்டது. ஆனால் அதன் உணவுப் பட்டியலை நம்பி அல்ல. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்ட பர்மியச் சாப்பாடு மொயிங்கா. அதைத் தேடினால் நாலைந்து வருகிறது, ஒன்றுக்கொன்று பாதிக்குப் பாதி வித்தியாசம். எல்லாம் யார் யாரோ ஏற்றியவை. கிண்ணம் எவ்வளவு பெரியது, பருப்பு வடை நொறுக்கிப் போட்டதா, முட்டை உண்டா, எந்த விவரமும் கிடையாது. கோழிக்கறி என்று போட்டாலும் இதே கதைதான். இங்கே கறி என்றால் எண்ணெய் மேலே மிதக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி, ஐயா!

சோற்றில் இன்னும் மோசம். வேகாத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி, வெந்த சோறு 130தான். பட்டியலில் இரண்டும் அரிசி என்றே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மாற்றித் தொட்டால் ஒரு தட்டு சோறு மூன்று தட்டாகிவிடும். அது கிராம் கேட்கிறது, தெயிஞ்சி சந்தையிலோ இன்னும் வீசைதான். பர்மா வீசை 1.63 கிலோ. அதை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு 16.3 கிராம். இதை நான் மனக்கணக்காகப் போட்டுவிடுவேன், எல்லாரும் போடுவார்களா?

உருப்படியான வசதி, நம் வீட்டுச் சமையலை நாமே பதிந்துகொள்வது. சாம்பாருக்குப் போகிற பருப்பு, காய், எண்ணெய் எல்லாவற்றையும் ஒருமுறை ஏற்றி, எத்தனை பேருக்கு என்று சொன்னால் அதுவே வகுத்துக்கொள்ளும். எண்ணெய்ப் புட்டியைத் தாளிப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்தேன். "தாளிக்கிறதையுமா நிறுக்கணும்? நகருங்க, கடுகு கருகுது" என்றாள் வீட்டுக்காரி. 32 கிராம் குறைந்திருந்தது. கிராமுக்கு 9 கலோரி, பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அவளே புட்டியை எடுத்துத் தருகிறாள்.

இதனால் எனக்கு வந்த லாபம் டீக்கடையில்தான். அநோரத்தா சாலைப் பக்கம் தரகர்களோடு பேச உட்கார்ந்தால் கோப்பை மேல் கோப்பை வரும், அடியில் டின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பால். இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்தாலே 120 கலோரிக்கு மேல், அதில் பெரும்பங்கு சர்க்கரை. டாக்டரும் நானும் அதுவரை சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வாரக் கூட்டலில் டீ தனி வரியாக வந்து நின்றதும் பேச்சு மாறியது. இப்போதெல்லாம் மேசையில் சும்மா வைக்கிற வெறும் தேயிலைத் தண்ணீர்தான் எனக்கு. தரகர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

கரண்ட் போய் இணையமும் போனால் தேடல் திறக்காது. அந்த வேளைக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்து, ராத்திரி ஏற்றுகிறேன். கட்டணப் பதிப்புக்கு வெளிநாட்டு அட்டை கேட்கிறது. அதில் கிடைக்கிற வண்ணப் படங்கள் எனக்குத் தேவையும் இல்லை.

ஐந்துக்கு மூன்று. சர்க்கரைக்காரர்கள் வைத்துப் பார்க்கலாம், கூடவே சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்காக உப்பு எண்ணுகிறவர்களுக்கு இது ஆகாது. பலர் ஏற்றிய பதிவுகளில் உப்புக் கட்டமே காலி, ஙப்பி என்கிற உப்பு மீன் விழுது போட்ட குழம்புக்கும் பூஜ்யம் என்கிறது.