மேசை போனா, ஆப்பா? வளாகத்து இன்டர்காமை மாற்றுவதற்கு முன்

வடசென்னையில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக வளாகத்தில், உள் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் எக்ஸ்சேஞ்சான இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிக்கு இனி உதிரி பாகம் கிடைக்காது என்று பராமரிப்பு ஒப்பந்தக்காரர் கையை விரித்துவிட்டார். உள்ளே ஓர் அட்டை போனால் ஒரு தளத்து எக்ஸ்டென்ஷன்கள் மொத்தமாகச் செத்துப்போகின்றன. ஆகவே பழையதையே வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் பாக்கி.

கூட்டம் போட்டால் இரண்டு கட்சி. எல்லாரிடமும் மொபைல் இருக்கிறது, அலுவலக எண் மொபைலிலேயே அடிக்கும்படி ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்கிறது ஒன்று. மேசைக்கு மேசை ஐ.பி. போன், அதாவது கணினி நெட்வொர்க் வழியாகப் பேசும் போன், வைக்கச் சொல்கிறது இன்னொன்று. வாயைத் திறக்காத மூன்றாவது கட்சியும் உண்டு. வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு இந்தச் செலவு என்பது அவர்கள் எண்ணம். உண்மையைச் சொன்னால், வளாகத்தில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்தக் கட்சிதான்.

முதலில் கரண்ட் விஷயம், ஏனென்றால் இங்கே எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பழைய மேசை போனுக்குத் தனியாக பிளக் கிடையாது. பெட்டியிலிருந்து செப்புக் கம்பி வழியாகவே சுமார் 48 வோல்ட் வந்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் பேட்டரி நன்றாக இருந்தால் வளாகம் முழுக்க இருட்டானாலும் டயல் டோன் கேட்கும். ஐ.பி. போனுக்கு நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பலாம். அதற்கான தரம் 2003-லேயே வந்துவிட்டது. நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்சிலிருந்து ஒரு போனுக்கு 15.4 வாட் வரை போகும். ஆனால் பேட்டரி இனி ஓர் அறையில் இருந்தால் போதாது, ஸ்விட்ச் இருக்கும் தளந்தோறும் யு.பி.எஸ். வேண்டும். விலைப்புள்ளியில் இந்தச் செலவு பெரும்பாலும் கண்ணில் படாது. போன் விற்பவர் யு.பி.எஸ். விற்பதில்லை அல்லவா?

ஆப் இந்த இடத்தில் கொஞ்சம் தேவலாம் போலத் தெரியும். மொபைலுக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது, வைஃபை போனால் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். சாதாரண நாளில் சரி. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் இரண்டையும் இந்தப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: டவருக்கும் கரண்ட் வேண்டும். அது போன பிறகு கையில் முழு சார்ஜோடு மொபைல் இருந்தும் பயனில்லை. வெளி உலகத்தோடு பேச முடியாவிட்டாலும், விடுதியிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து மருத்துவ அறைக்கும் பேச முடிவது அப்படிப்பட்ட இரவில் பெரிய விஷயம். எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் வளாகத்துக்குள்ளேயே ஒரு சர்வரில் ஓடினால் ஐ.பி. போனில் அது முடியும். எங்கோ இருக்கும் கிளவுடை நம்பி ஓடுகிற ஆப்பில், வெளி இணைப்பு அறுந்தால் பக்கத்து அறைக்கும் பேச முடியாது. விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

செப்புக் கம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தியாவின் முதல் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்று 1880-களின் தொடக்கத்தில் நம் ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டி தெருவில்தான் வந்தது. அதற்காகப் பெருமைப்படலாம், கம்பிக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் இணைப்புப் பெட்டிக்குள் செம்பு பச்சை பூத்துவிடும். மழைக்காலம் வந்தால் குரலைவிடக் கரகரப்புதான் அதிகம் கேட்கும். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் போட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது, கண்ணாடி இழை துருப்பிடிக்காது. ஆனால் நெட்வொர்க் செப்பு கேபிளின் எல்லை 100 மீட்டர். பழைய இன்டர்காம் கம்பியோ கிலோமீட்டர் கணக்கில் தாராளமாகப் போகும். வளாகத்தின் கடைக்கோடியில் இருக்கும் பின்வாசலுக்கும் பம்ப் அறைக்கும் இதனால்தான் சிக்கல். அங்கே ஃபைபரும் ஒரு சின்ன ஸ்விட்சும் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் பழைய போனையே வைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் இருக்கும் முனையில், பழைய போனை ஐ.பி.-க்கு மாற்றும் அடாப்டர் ஒன்றை மாட்டிப் புது எக்ஸ்சேஞ்சோடு சேர்க்கலாம். கம்பி நன்றாக இருக்கும் இடத்தில் இரண்டாவது வழிதான் என் ஓட்டு. மலிவு, யாருக்கும் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டாம்.

குரல் தரத்தைப் பற்றி வீணாகப் பயப்படுகிறார்கள். குரலை டிஜிட்டலாக்கும் வழக்கமான ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு, கூடவே போகும் முகவரித் தகவலோடு சேர்த்து, போகவும் வரவும் தலா விநாடிக்கு 90 கிலோபிட்டுக்குள்தான் ஆகும். ஒரே நேரத்தில் 100 அழைப்பு ஓடினாலும் ஒரு திசையில் 10 மெகாபிட் தாண்டாது. மாணவர்கள் வீடியோ பார்ப்பதோடு ஒப்பிட்டால் இது தூசு. சிக்கல் அளவில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு சங்கத்தின் பரிந்துரை. கம்பியில் வரும் ஐ.பி. போன் அலட்டாமல் இதற்குள் நிற்கும். வைஃபையில் ஓடும் ஆப், கனத்த சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய கட்டடத்தில் திணறும். பேசிக்கொண்டே வராந்தாவில் நடந்தால் ஒரு வைஃபை பெட்டியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் வார்த்தை விழுங்கப்படும்.

ஆப்பின் உண்மையான பலவீனம் வேறு, அது மணியே அடிக்காமல் போவது. பல ஆண்ட்ராய்டு மொபைல்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, பின்னணியில் ஓடும் ஆப்பை உறங்க வைத்துவிடும். அழைத்தவருக்கு மணி போவதுபோல் கேட்கும், இங்கே ஒரு சத்தமும் இருக்காது. பிறகு, "சார் போனே எடுக்கிறதில்லை" என்ற பெயர். அழைப்பு வரும்போது சர்வரே மொபைலுக்கு அனுப்பும் புஷ் அறிவிப்பு மூலம் ஆப்பை எழுப்பும் முறை இருந்தால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் ஒவ்வொருவர் மொபைலையும் வாங்கி பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து அந்த ஆப்பை விலக்கி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் யார் என்று டெண்டரில் எழுதியிருக்காது.

சரி, ஆப்புக்கு எதிராகவே பேசுகிறேனா? இல்லை. அது செய்யும் ஒரு காரியத்தை வேறு எதுவும் செய்வதில்லை. ஆசிரியர், குறிப்பாகப் பெண் ஆசிரியர், எங்கே இருந்தாலும் தன் சொந்த எண்ணைக் கொடுக்காமல் மாணவரிடமோ பெற்றோரிடமோ பேச முடிகிறது. எதிரே தெரிவது அலுவலக எண். மாலை ஐந்தரைக்கு மேல் அதை அணைத்து வைக்கலாம். சொந்த எண்ணில் ஓடும் வாட்ஸ்அப்பில் இது நடக்காது. ஒரு முறை எண் போய்விட்டால் இரவு பதினோரு மணிக்கு இன்டர்னல் மார்க் கேட்டுச் செய்தி வரும், வகுப்புக் குழுவில் இருந்து எண் எங்கெங்கோ போகும். அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனாலோ, துறையோடு நடந்த பேச்சு முழுவதும் அவர் பையிலேயே போய்விடும். வாட்ஸ்அப் கட்சிக்கு என் பதில் இது ஒன்றுதான். செலவில்லை என்பது நிர்வாகத்துக்கு, ஆசிரியருக்கு இல்லை.

இருந்தாலும் மேசை போனை மொத்தமாக எடுத்துவிடலாம் என்பவர்களுக்கு வாசல் காவலர் ஒருவர் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டார்: "ஆப்பு எனுக்கு இன்னாத்துக்கு மேடம்? கேட்ல மூணு ஷிப்டு, ஆள் மாறிக்கினே இருப்பான். போன் கேட்டுக்குத்தான் வோணும்." அவரிடம் இருப்பது பட்டன் போன் என்பது வேறு விஷயம். ஸ்மார்ட்போன் இருந்தாலும் அவர் சொல்வது மாறாது.

வாசல், தேர்வுப் பிரிவு, விடுதிக் காப்பாளர் அறை, மருத்துவ அறை, வேதியியல் ஆய்வகம் இதெல்லாம் இடங்கள். யார் பணியில் இருந்தாலும் அந்த எண் அங்கேயே அடிக்க வேண்டும், யார் கை எட்டினாலும் எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் தீப்பிடித்தால் மாணவி யாருடைய மொபைலின் லாக்கைத் திறப்பாள்? சுவரில் ஒரு போன் இருந்தால் எடுத்துப் பேசுவாள், மறுமுனையில் எக்ஸ்டென்ஷன் எண்ணைப் பார்த்த உடனே எந்த அறை என்று தெரியும். ரிசல்ட் வரும் வாரத்தில் தேர்வுப் பிரிவுக்கு வரும் அழைப்புகள் ஒருவர் மொபைலில் போய்க் குவிந்தால் அவர் பைத்தியமாகிவிடுவார். நான்கு மேசையில் சுற்றி அடித்தால் வேலை நடக்கும். ஆனால் பேராசிரியருக்கு அப்படி இல்லை. வகுப்பு, ஆய்வகம், வேறு கல்லூரியில் வைவா என்று அலைகிறவருக்கு மேசையில் போன் வைத்து என்ன பயன்? பூட்டிய அறைக்குள் மணி அடித்து ஓயும். அவருக்கு ஆப்தான்.

எண்ணை மாற்றாமல் இருப்பது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். 044-இல் தொடங்கும் நம் எண் விண்ணப்பப் படிவம், பெயர்ப்பலகை, பழைய கடிதத் தாள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011-இல் நாடு முழுக்க வந்தது மொபைலுக்குத்தான், லேண்ட்லைனுக்கு இல்லை. ஆகவே இப்போது இணைப்பு தரும் நிறுவனத்திடமே அதே எண்களை சிப் ட்ரங்க்காக, அதாவது ஐ.பி. வழி வரும் வெளி லைனாக, மாற்றித்தர முடியுமா என்று கேட்பது முதல் வேலை. இன்டர்நெட் வழி அழைப்பை 2002-இல் அரசு கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது, 2018-இல் தளர்த்தியது. இருந்தும், வெளித் தொலைபேசிக்குப் போகும் அழைப்பு உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். வெளிநாட்டில் எல்லாரும் பயன்படுத்துகிற ஆப் என்று யாராவது காட்டினால், இங்கே அதற்கு உரிமம் இருக்கிறதா, சென்னை எண் தருவார்களா என்று கேளுங்கள். ஆப் கம்பெனியின் ஆயுசையும் நம்ப முடியாது. ஒரு காலத்தில் இன்டர்நெட் அழைப்பு என்றாலே ஸ்கைப்தான், 2025 மே மாதம் அதையும் மூடிவிட்டார்கள்.

பணம்? ஐ.பி. போன் ஒரு முறைச் செலவு. ஆப் பெரும்பாலும் ஆளுக்கு மாதச் சந்தா. அரசுக் கணக்கில் பொருள் வாங்குவதைவிட ஆண்டுதோறும் சந்தா கட்டுவதற்கு ஒப்புதல் வாங்குவது பெரும்பாடு; மார்ச் மாதம் கோப்பு ஒரு மேசையில் தூங்கினால் ஏப்ரலில் போன் தூங்கும். ஆஸ்டரிஸ்க் என்ற இலவச எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் 1999 முதல் இருக்கிறது. கணினித் துறையில் கைதேர்ந்த ஆள் ஒருவர் நிலையாக இருந்தால் அதையும் லின்போன் போன்ற இலவச ஆப்பையும் வைத்தே ஓட்டலாம். அந்த ஒருவர் வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதை இப்போதே யோசித்துவிட வேண்டும்.

என் தீர்ப்பு: ஆசிரியர்களுக்கும் அலைகிற அதிகாரிகளுக்கும் ஆப். மேலே சொன்ன இடங்களுக்கு மேசை அல்லது சுவர் ஐ.பி. போன். கடைக்கோடிக்குப் பழைய போனும் அடாப்டரும். எக்ஸ்சேஞ்ச் வளாகத்துக்குள்ளேயே. ஆய்வகச் சுவரில் 112, 108 எழுதி ஒட்டுங்கள், புது ஏற்பாட்டில் அந்த எண்களுக்கு வெளி லைன் பிடிக்க முதலில் அழுத்தும் எண்ணைப் போடாமலே அழைப்பு போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

விற்பனையாளர் சோதனை ஓட்டத்துக்கு மே மாத விடுமுறையைத்தான் கேட்பார். அதற்கு ஒத்துக்கொள்ளாமல், ரிசல்ட் வாரத்தில் தேர்வுப் பிரிவில் நான்கு போனை மாட்டச் சொல்லுங்கள். ஒரு மாலை அந்தக் கட்டடத்தின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அந்த நான்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓர் அழைப்பு போடச் சொல்லுங்கள். அது போய்ச் சேர்ந்தால் கையெழுத்துப் போடலாம்.