பாங்காக்கில் ஒரு காலை: அரண்மனையா, அருங்காட்சியகமா?

பாங்காக்கின் சனாம் லுவாங் திடலுக்குத் தெற்கே பெரிய அரண்மனை, மேற்கே தேசிய அருங்காட்சியகம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் அந்த ஊர் வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறதென்றால் அருங்காட்சியகத்துக்கே போகச் சொல்வேன்.

அரண்மனையின் அழகில் குறையில்லை. முதலாம் ராமா மன்னர் 1782-இல் கட்டத் தொடங்கியது; வெளிநாட்டவருக்கு டிக்கெட் 500 பாட்; தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். "இன்று அரண்மனை மூடியிருக்கிறது" என்று வாசலருகே யாராவது அக்கறையோடு சொன்னால் அது ஏமாற்று வேலை; பதில் பேசாமல் வாசலை நோக்கி நடையைக் கட்டுங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஒரு பொருளின் முன் நின்று பார்க்க முடிகிறதா? அரண்மனை வளாகக் கோயிலில் இருக்கும் மரகத புத்தர் ஏறத்தாழ 66 செ.மீ. உயரமே உள்ள சிலை. உயர்ந்த பீடத்தின் உச்சியில் வீற்றிருப்பதால் பச்சை நிறமும் பொன்னாடையும்தான் கண்ணுக்குத் தட்டுப்படுகின்றன. உற்றுப் பார்ப்பதற்குள் பின்னால் வரும் கூட்டம் நகரச் சொல்கிறது. சுற்று மண்டபத்தில் ராமகியன் என்ற தாய்லாந்து ராமாயணம் 178 சுவரோவியங்களாக விரிகிறது. அங்கே அனுமன் பிரம்மச்சாரி அல்ல, பெரிய காதல் மன்னன். இராவணன் மகளான மச்சகன்னியையும் விட்டுவைக்கவில்லை! நம்மவர்கள் ரசித்துச் சிரிக்க வேண்டிய இடம். ஆனால் கொடி பிடித்த வழிகாட்டிகளுக்குப் பின்னால் குழு குழுவாக வருகிறவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டே நம் பொறுமை தீர்ந்துவிடுகிறது.

அருங்காட்சியகத்தில் அந்த நெருக்கடி இல்லை. டிக்கெட்டும் அரண்மனைக் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. துணை மன்னர்கள் வாழ்ந்த முன்னரண்மனை வளாகம் இது. சுகோதை என்ற பழைய தாய்லாந்து அரசின் காலத்துச் சிவன், விஷ்ணு வெண்கலச் சிலைகளின் முன் எவ்வளவு நேரம் நின்றாலும் கேட்பாரில்லை. சோழர் திருமேனிகளின் இடை வளைவுக்குப் பழகிய கண்ணுக்கு இவை முதலில் விறைப்பாகத் தெரியும். பிறகு முகத்தைப் பார்த்தால், அதே காலத்துப் புத்தரின் நீள்முகமும் மெல்லிய புன்னகையும் சிவனுக்கும் வந்திருப்பது புலப்படும். தென் தாய்லாந்தின் சாயா என்ற ஊரிலிருந்து வந்த ஸ்ரீவிஜயக் கலைப்பாணி லோகேஸ்வரர் என்ற போதிசத்துவர் இடுப்புக்கு மேல்தான் எஞ்சியிருக்கிறார். எனக்கு மரகத புத்தரைவிட அவர்தான் ஒரு படி மேல், பக்தர்கள் மன்னிக்கவும்.

வளாகத்திலேயே புத்தைசவான் என்ற வழிபாட்டுக் கூடம் இருக்கிறது. அங்குள்ள சிஹிங் புத்தர் இலங்கையிலிருந்து வந்தவர் என்பது ஐதிகம். தரையில் உட்கார்ந்து நாற்புறச் சுவர்களிலும் புத்தர் வரலாற்றை நிதானமாகப் பார்க்கலாம். இறுதி ஊர்வல ரதங்கள் நிற்கும் கொட்டகையையும் தவறவிடாதீர்கள். அங்குள்ள மகா விஜய ரதத்தில்தான் 2017 அக்டோபரில் தாய்லாந்து மன்னர் பூமிபோலின் ஈமக் கலசம் தகன மேடைக்குச் சென்றது.

குறைகளும் உண்டு. சில கூடங்களில் விளக்கப் பலகைகள் போதவில்லை. புதன், வியாழன் காலைகளில் தன்னார்வலர்கள் இலவசமாக ஆங்கிலத்தில் சுற்றிக் காட்டுகிறார்கள். எனக்கு வாய்த்தவர் அருமையாகச் சொன்னார்; எல்லோரும் அப்படித்தானா என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. சிறு பிள்ளைகளோடு நான் போனதில்லை. அவர்களுக்கு அரண்மனை வாசலில் நிற்கும் ராட்சத யக்ஷர்களே அதிகம் பிடிக்கலாம்.

அருங்காட்சியகத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. உங்களுக்கு அந்த நாட்கள்தான் வாய்க்கின்றன என்றால் அரண்மனைக்கே போங்கள்; காலை எட்டரைக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள்.