சோலார் கூரைக்காக 4,35,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: வீடு கட்டுவோர் கவனத்திற்கு

நேற்று மாலை எங்கள் மாடியில் சோலார் கூரை போட்ட நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஐந்தாவது முறையாகப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீடு கட்டுகிறவர்களும் மாடியில் கூரை போட எண்ணியிருப்பவர்களும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 300 சதுர அடிக்குத் தகரக் கூரை போடத்தான் முதலில் முடிவு செய்திருந்தோம். கட்டுமானப் பொருள் கண்காட்சி ஒன்றில் கடை போட்டிருந்த சோலார் நிறுவனத்தார், தகரம் போட்டு அதன்மேல் பேனல் வைப்பது இரட்டைச் செலவு என்றும், மின்தகடு பதித்த கூரை ஓடே மின்சாரம் தரும்போது தகரம் எதற்கு என்றும் சொல்லி மனத்தை மாற்றினார்கள். நவி மும்பையில் ஒரு தரவு மையத்தின் சுவர்களையே மின்தகடுகளால் மூடி 800 கிலோவாட்டுக்கும் மேல் அமைத்திருக்கும் படத்தைக் காட்டினார்கள். அந்தப் படம் உண்மையானதுதான். கூரையையும் முகப்பையும் மின்தகடாகவே கட்டும் தொழில்நுட்பத்தின்மேல் எனக்கு இன்றும் குறை இல்லை. அதைக் காட்டிப் பணம் பறித்தவர்கள்மேல்தான் கோபம்.

நான் நம்பிய நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அவர்களுடைய பிரதிநிதி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறி, கொண்டுவந்த மாதிரி ஓடு ஒன்றைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து, ஒரு சிறு மின்விசிறியை அதில் இணைத்தார். வெயில் பட்டதும் விசிறி சுழன்றது. பிறகு என் அம்மாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி ஓட்டின்மேல் ஊற்றி, பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு ஈரம் இல்லையே" என்றார். அன்று இரவே முன்பணமாக 2,00,000 ரூபாய் அனுப்பினேன். ஓடுகள் வந்து இறங்கியதும் 1,50,000, வேலை முடிந்ததும் 85,000. மொத்தம் 4,35,000 ரூபாய். அம்மாவின் சேமிப்பும் இதில் இருக்கிறது.

3 கிலோவாட், நாளுக்கு 12 யூனிட் என்று விலைப்புள்ளியில் எழுதியிருந்தார்கள். ஆவணி மாதத்து நல்ல வெயிலிலேயே, ஓடுகள் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் நாளுக்கு 5 யூனிட்டைத் தாண்டவில்லை. கேட்டபோது, "புதுசு சார், செட்டாக ஒரு மாதம் ஆகும்" என்றார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது தூசி என்றார்கள். கழுவினேன், ஒன்றும் மாறவில்லை. மின்பொறியாளரான நண்பர் ஒருவர் வந்து ஓடு ஒன்றைக் கழற்றிப் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். ஓடு ஒன்றுக்கு 40 வாட். இருப்பவை 48 ஓடுகள். ஆக 1,920 வாட், அதாவது 2 கிலோவாட்கூட இல்லை. 3 கிலோவாட் என்று எழுதியது இன்வெர்ட்டரின் அளவாம்! அதோடு, ஓடுகளுக்கு அடியில் காற்றுப் போக வழி விடாமல் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். நண்பர் நண்பகலில் அளந்தபோது ஓட்டின் பின்புறம் 72 டிகிரி. தகட்டின் திறனை 25 டிகிரியில்தான் அளந்து எழுதுகிறார்கள்; அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். இருப்பதிலும் ஐந்தில் ஒரு பங்கு சூட்டிலேயே போகிறது என்றார் அவர்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகத் தொடங்கியது. கறுப்பு கேபிள் வழியாக நீர்த்துளிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து, இணைப்பு முனையில் தொங்கிச் சொட்டியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்வெர்ட்டரை அணைத்தாலும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை ஓடுகளில் மின்னழுத்தம் இருக்கும் என்பதால் யாரையும் மாடிக்கு விடவில்லை. நிறுவனத்தைக் கேட்டால், ஒழுகல் சிவில் வேலை, கொத்தனாரைக் கேளுங்கள் என்கிறார்கள். கொத்தனாரோ, மின்சாரம் ஓடும் ஓட்டில் கை வைக்க மாட்டேன் என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். ஓடு தயாரித்தவர்களிடம் பேசினால், பொருத்தியதில் உள்ள குறைக்கு உத்தரவாதம் கிடையாது என்கிறார்கள். கூரைக்குக் கூரை, பேனலுக்குப் பேனல் என்று விற்ற பொருளுக்கு இன்று கூரையென்றும் பேனலென்றும் பொறுப்பேற்க ஓர் ஆள் இல்லை. சாதாரண பேனலாக இருந்தால் கழற்றி வைத்துவிடலாம். இதைக் கழற்றினால் மாடிக்குக் கூரையே கிடையாது. இந்த அளவில் வேறு யாரிடமும் ஓடு கிடைக்காததால், நான் கேட்ட மற்ற நிறுவனங்கள் தொடவே மறுத்துவிட்டன.

வீட்டுக் கூரையில் சோலார் அமைக்க மத்திய அரசு உதவும் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் ஒரு மாதத்தில் என் கணக்குக்கு வந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள். அத்திட்டத்தின் தேசிய இணையதளத்தில் உள்ள விற்பனையாளர் பட்டியலில் இவர்கள் பெயரே இல்லை. நாம் வாங்கும் மின்சாரத்தையும் மின்வாரியத்துக்கு அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் இருவழி மீட்டருக்கு விண்ணப்பித்தாயிற்று என்றார்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் என் இணைப்பு எண்ணைக் கொடுத்துக் கேட்டேன். அப்படி ஒரு விண்ணப்பமே பதிவாகவில்லை. தொலைபேசியில் அழைத்தால், சைட் இன்ஜினியர் விடுப்பில் இருக்கிறார் என்ற ஒரே பதில்தான். அந்தப் பிரதிநிதி வேலையை விட்டுப் போய்விட்டாராம். 4,35,000 ரூபாயை வாங்கும்போது மட்டும் எல்லாரும் பணியில் இருந்தார்கள்.

விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். ஓடு ஒன்றின் வாட் அளவை எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். இன்வெர்ட்டர் அளவைச் சொன்னால் ஏற்காதீர்கள். ஒழுகலுக்கும் உற்பத்திக்கும் ஒரே நிறுவனமே பொறுப்பு என்று கையெழுத்தோடு வாங்குங்கள். ஓட்டுக்கு அடியில் காற்றுக்கு இடைவெளி விடச் சொல்லுங்கள். நான்கைந்து ஓடுகளை உபரியாக வாங்கி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழியும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நான் அந்த 85,000 ரூபாயை ஆனி மாதமே கொடுத்துவிட்டேன்.

நாளை நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். இப்போதும் மழை பெய்துகொண்டிருக்கிறது; மாடியில் மூன்று வாளிகள் வைத்திருக்கிறோம்.