யாங்கோனில் வாங்கிய டிஜிட்டல் தராசு: 0.6 கிராம் பெரிதா சிறிதா?

வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன், அதற்காக இங்கே யாங்கோனில் ஒரு கடையில் 3 கிலோ வரை நிறுக்கும் டிஜிட்டல் தராசு வாங்கினேன். பெட்டியில் "துல்லியம் 0.1 கிராம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. திரையில் எண் 0.1 ஆக நகரும் என்பதுதான் அதற்கு அர்த்தம், காட்டுகிற எண் சரியா என்பது வேறு.

நகைப்பட்டறையில் சரிபார்த்த 100 கிராம் எடைக்கல்லைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கினேன். 100.5, 100.6, 100.7, இதற்குள்ளேயே வந்தது, சராசரி 100.6. ஒருமுறை 99, ஒருமுறை 102 என்று அலைந்திருந்தால் இந்த 0.6 அந்த ஆட்டத்திலேயே கரைந்துபோயிருக்கும். இங்கே ஆட்டம் 0.1 தான், அதுவும் பத்துமே ஒரே பக்கம். வெறும் தற்செயல் என்றால் பத்தும் மேலேயே விழ 1024-இல் 1 வாய்ப்பு. மிகைகாண் சோதனை (significance test) என்று புள்ளியியலில் படித்தோமே, அது பார்ப்பது இதைத்தான்: விலகல் தற்செயலா, நிஜமா. தற்செயலுக்கு 20-இல் 1-க்கும் குறைவான வாய்ப்பு என்றால் விலகலை நிஜமாக எடுத்துக்கொள்ளலாம், இது புள்ளியியலாளர் ஃபிஷர் 1925-இல் வசதிக்காக வைத்த எல்லை. இது அதை எப்போதோ தாண்டிவிட்டது.

கடைத் தம்பியிடம் சொன்னேன். "அரை கிராம்தானே அக்கா, இதெல்லாம் ஒரு கணக்கா?" என்றார். சரியான கேள்விதான். விலகல் நிஜமா என்பதற்குத்தான் சோதனை பதில் சொல்லும், அது நமக்குப் பொருட்டா என்று சொல்லாது. குழம்புக்கு மல்லி நிறுக்க இது பொருட்டே இல்லை. ஆனால் 1 கிலோ கல்லை வைத்தேன், 1006 காட்டியது, எடை கூடக் கூடத் தப்பும் கூடுகிறது. நான் விற்பது வீசைக் கணக்கில். (பர்மா வீசை 1.63 கிலோ, நம் ஊர்ப் பழைய வீசையைவிடக் கனம்.) வீசைக்கு 100 டிக்கல், அதில் 0.6 டிக்கல் தப்பு, அப்போ 100 வீசை விற்றால் ஏறத்தாழ 60 டிக்கல், கிட்டத்தட்ட ஒரு கிலோ, வாங்குகிறவர்களுக்குக் குறைந்துபோகும். காசு கொடுத்தவர்களுக்கு அப்படிச் செய்ய எனக்கு மனசு வராது.

அடியில் திருத்தும் பொத்தான் இருக்கிறது, அதற்கு 1 கிலோ கல் வேண்டும், பெட்டியில் தரவில்லை. பெரிய குறை இதுதான். திருத்தியபிறகு 100-க்குக் கொஞ்சம் மேலும் கீழுமாக வருகிறது. மற்றபடி தட்டு அகலம், துடைக்கச் சுலபம், கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுகிறது. வாங்கினால் கூடவே ஒரு கல்லும் வாங்கிவிடுங்கள், விற்கத் தொடங்குமுன் பத்துத் தடவை நிறுத்துப் பாருங்கள்.