லாட்ஜ் ரவுட்டரில் ஓபன்வர்ட்: ராமேஸ்வரத்திலிருந்து ஒரு ரிவ்யூ

ராமேஸ்வரம் வட்டாரத்தில் லாட்ஜ்களுக்கு கேமராவும் நெட்டும் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ரவுட்டரில் கம்பெனி மென்பொருளை எடுத்துவிட்டு ஓபன்வர்ட் என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தாராளமாக ஏற்றலாம், காசு கிடையாது. ஆனால் வைஃபை வேகம் கூடும் என்று நம்பி ஏற்றாதீர்கள்; சில சிப்புகளில் குறையவும் செய்யும். உள்ளே இருப்பது லினக்ஸ். கோளாறு வந்தால் எட்டிப் பார்க்க விடும். நான் இதைப் போடுவதே அதற்காகத்தான்.

தை அமாவாசை நேரம், தங்கச்சிமடத்தில் ஒரு லாட்ஜ், ரூம் எல்லாம் ஃபுல். ரிசப்ஷனில் கூகுள் திறக்கிறது, பேங்க் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. “லைன்காரனைத் திட்டியாச்சு தம்பி, எல்லாம் சரியா இருக்குங்கிறான்” என்றார் ஓனர்.

ரவுட்டருக்குள் போய், லைனில் போய் வரும் டேட்டா துண்டுகளை (பாக்கெட்) காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டினேன். சின்ன பாக்கெட் எல்லாம் போய் வருகிறது, சர்வரின் பெரிய பாக்கெட் மட்டும் வந்து சேரவில்லை. யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் இந்த பிபிபிஓஇ லைனில் ஒரு பாக்கெட்டுக்கு 1492 பைட்தான் நுழையும், சர்வர் அனுப்புவதோ 1500. ‘பெரிசா இருக்கு, குறை’ என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் முழுங்கிவிடுகிறது. லேப்டாப்பிலிருந்து, உடைக்காமல் அனுப்பச் சொல்லி பிங் அடித்தால் 1464 போகிறது, 1465 போகவில்லை. பாக்கெட்டின் மேல் ஒட்டும் முகவரித் தகவல் (ஹெடர்) 28 பைட்டைக் கூட்டினால் 1492, கணக்கு சரி.

இதில் ஓபன்வர்ட் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஃபயர்வாலில் ஆரம்பத்திலேயே வரும் வான் ஜோனில் (WAN, வெளி இன்டர்நெட் பக்கம்) எம்எஸ்எஸ் கிளாம்பிங் டிக் போட்டே இருக்கும்; லைனுக்குள் நுழையும் அளவுக்கே பாக்கெட் அனுப்பச் சொல்லி சர்வரிடம் முன்பே சொல்லிவிடும் வசதி அது. நாமாக ஒரு ஜோன் உண்டாக்கினால் இருக்காது, எச்சரிக்கையும் வராது. 4ஜியோடு ஃபைபரைச் சேர்க்கப் புது ஜோன் போட்ட ஓனரின் மச்சான், எல்லாரும் ஒரே ஐபியில் வெளியே போக உதவும் மாஸ்கரேடிங்கை மட்டும் டிக் செய்திருந்தார். கிளாம்பிங் டிக்கையும் போட்டதும் பேங்க் திறந்தது.

இரண்டு லைன் வைத்தால் இன்னொரு தலைவலி: கேமராவுக்கு ஃபைபரில் வந்த கேள்விக்குப் பதில் 4ஜி வழியாகப் போய்விடும். ரவுட்டரில் ‘ஐபி ரூட் கெட்’ கட்டளை அடித்தால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். எது எந்த லைனில் போகணும் என்று விதி போட உதவும் பிபிஆர் பேக்கேஜ் போட்டுப் பிரித்துவிடலாம். வான் ஐபி 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் வெளியிலிருந்து கேமராவுக்கு வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை மறந்துவிடுங்கள், அது சிஜிநாட்; பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து லைன் கம்பெனி ஒரே ஐபி கொடுக்கும் முறை.

அப்புறம், ஓபன்வர்ட் 22.03 பதிப்பிலிருந்து ஃபயர்வால் பழைய ஐபிடேபிள்ஸை விட்டு என்எஃப்டேபிள்ஸ் என்ற புது முறைக்கு மாறிவிட்டது. பழைய வீடியோ பார்த்து ஐபிடேபிள்ஸ் வரிகளை ஒட்டாதீர்கள். வாங்கும் பெட்டியில் 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ராம் இருக்கட்டும். உப்புக்காற்றில் பிளக் பின் பச்சை பிடிக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள். பாஸ்வேர்டு மாற்றவே ஆள் கூப்பிடுகிறவர் என்றால் கம்பெனி மென்பொருளே போதும்.